பெயின்ட் அடிக்கும் முன்: பைபர் வள்ளத்தின் சிறு காயங்களுக்கு எந்த ஃபில்லர்?

நான் முதன்முதலில் வாங்கிய பைபர் வள்ளம் 14 அடி. கொழும்பு முகத்துவாரத்தில் ஒருவர் பாவித்துவிட்டுக் கவிழ்த்துப் போட்டிருந்தது. முன்பக்கமான அணியத்தில் இரண்டு உரசல், அடியில் நடு முதுகான ஏராவை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு பெயர்ந்த ஓர் இடம், பின்பக்கமான கடையாலில் பழைய எஞ்சின் பூட்டியிருந்த நான்கு ஓட்டைகள். "பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் புது வள்ளம்தான் தம்பி" என்றார் விற்றவர். நானும் நம்பினேன். கராஜில் வேலை செய்யும் சொந்தக்காரப் பையனிடம் மிச்சமிருந்த ஒரு பேணி கட்டலோயை, அதாவது கார் பட்டியை, வாங்கி வந்து, எல்லா இடத்திலும் அதையே அப்பித் தேய்த்து எனாமல் அடித்தேன். மூன்று மாதம் பார்க்க அழகாக இருந்தது. நான்காம் மாதம் வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்தபோது, அடியில் வைத்த பட்டி புண்ணின் பொருக்குப் போல விளிம்பு தூக்கி நின்றது. நகத்தால் கிள்ளினால் ஈர மாவாக உதிர்ந்தது. அணியத்தில் வைத்த பட்டியோ கல்லுப் போல அப்படியே இருந்தது.

அதே பேணி, அதே கை, அதே நாள். வைத்த இடம் மட்டும் வேறு. கடைக்குப் போய் "நல்ல ஃபில்லர் ஒன்று தாங்கோ" என்று பட்டி கேட்பதில் இருக்கிற சிக்கல் இதுதான். காயம் தண்ணீருக்கு மேலா கீழா, எவ்வளவு ஆழம், மேலே என்ன பூசப் போகிறீர்கள் என்ற மூன்றும் தெரியாமல் நல்லது எது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் அந்த மூன்றையும் உங்களிடம் கேட்கப் போவதில்லை. நீங்களேதான் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே நான் சொல்வது சிறு காயங்களுக்கு மட்டும்: ஜெல்கோட்டில் கீறல், சில்லு பெயர்ந்த இடம், மயிரிழை வெடிப்பு, பழைய ஸ்க்ரூ ஓட்டை. கை வைத்து அழுத்தினால் உள்ளே போகிற இடம், உள்பக்கம் வரை உடைந்த ஓட்டை, உள்ளே குறுக்குச் சட்டம் கழன்றது போன்றவை ஃபில்லர் வேலையே அல்ல. அங்கே உடைந்த பகுதியைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, மெற்றும் (கண்ணாடி நார்ப் பாய்) ரெசினும் (அதை இறுக்கும் பிசின்) அடுக்கடுக்காக வைத்துக் கட்ட வேண்டும். சரிவு என்றால், தடிப்பு 5 மில்லிமீட்டர் என்றால் சுற்றிவர ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் தூரத்துக்கு. ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். வள்ளத்துக்குப் பலம் கொடுக்காது.

முதலில் தட்டிப் பாருங்கள்

ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் காயத்தைச் சுற்றித் தட்டுங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று இறுக்கமாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடமோ தண்ணீர் ஊறிய இடமோ 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்கும். பழுத்த பலாப்பழத்தைத் தட்டிப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். மந்தமான சத்தம் காயத்தைத் தாண்டிப் பரவியிருந்தால் ஃபில்லரை மறந்துவிட்டு பைபர் வேலை தெரிந்த ஒரு நல்ல பாஸைக் கூட்டி வாருங்கள்.

அடுத்தது ஆழம். ஜெல்கோட் என்பது வெளித்தோல். சாதாரணமாக அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கீறலின் அடியில் ஒரே நிறம் தெரிந்தால் காயம் தோலோடு நிற்கிறது. நார் நாராக, பச்சையோ மஞ்சளோ கலந்த கண்ணாடி நிறம் தெரிந்தால் மெற் வரை போய்விட்டது. இந்த ஒரு வித்தியாசமே ஃபில்லர் தேர்வில் பாதியைத் தீர்த்துவிடும்.

மயிரிழை வெடிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை சிலந்தி வலை போல ஒரு புள்ளியிலிருந்து விரிந்தால் அங்கே ஏதோ மோதியிருக்கிறது. ஒரே திசையில் வரிசையாகப் போனால் அந்த இடம் வளைந்து கொடுக்கிறது. கயிறு கட்டும் கொக்கியைச் சுற்றியும், பலகை வந்து சேரும் மூலைகளிலும் இதை அடிக்கடி காணலாம். வளைகிற இடத்துக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுக்காமல் மேலே எதை வைத்தாலும் அடுத்த பருவத்தில் அதே கோடு திரும்ப வரும். பெயின்டைப் பழி சொல்லிப் பயனில்லை.

உப்பும் ஈரமும்

கொழும்பில் பைபர் வேலை செய்பவருக்கு முதல் எதிரி காற்றில் உள்ள ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம். கடல் கொந்தளிப்பதால் சிறு வள்ளங்கள் கரையில் கிடக்கும். ஆகவே எல்லோரும் திருத்த வேலைக்கு எடுப்பதும் அந்த மாதங்களில்தான். வேலைக்கு இதைவிட மோசமான காலம் கிடையாது. உங்களுக்கு வசதி இருந்தால் ஜனவரி, பெப்ரவரியில் செய்யுங்கள். முடியாதென்றால் கூரையின் கீழ் செய்யுங்கள். தார்ப்பாயைப் போர்த்தி மூடினால் உள்ளே நீராவிதான் சேரும். பக்கங்கள் திறந்த கூரை வேண்டும்.

வள்ளத்தை நல்ல தண்ணீரில், கொஞ்சம் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். களனி கங்கை வாயில் ஓடும் வள்ளம் என்றால் எண்ணெய்ப் படலமும் இருக்கும், உப்பும் இருக்கும். உப்புத் துணிக்கை ஒன்று பெயின்டுக்குக் கீழே மாட்டினால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு கொப்புளம் வரும்.

கழுவிய பின் எத்தனை நாள் காய வேண்டும் என்று கேட்டால் நாள் கணக்குச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஓரடிக்கு ஓரடி தெளிவான பொலித்தீன் துண்டு ஒன்றை, திறந்த காயத்தின் மேல் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, சில மணி நேரம் வெயிலில் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி பூத்தால் மெற் இன்னும் ஈரமாக இருக்கிறது. திரும்பக் காயவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். தண்ணீரில் நீண்ட நாள் கிடந்த வள்ளத்துக்கு வாரக்கணக்கில் கூட ஆகலாம். இந்தப் பொறுமைதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி என்பேன். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

எது எங்கே

சந்தையில் பெயர்கள் ஆயிரம் இருந்தாலும், சிறு வேலைக்கு நீங்கள் பார்க்கப்போவது இரண்டு குடும்பங்கள்தான்: பொலியெஸ்டர், எபொக்சி. இவற்றுக்கு நடுவே வினைல் எஸ்டர் என்று ஒரு சொந்தக்காரரும் உண்டு.

நாம் கட்டலோய் என்று சொல்லும் கார் பட்டி பொலியெஸ்டர் குடும்பம். பெரிய பேணியில் சாம்பல் அல்லது வெளிர் பச்சைப் பசை, சிறு டியூபில் அதை இறுக வைக்கும் சிவப்பு ஹார்ட்னர். பஞ்சிகாவத்தைப் பக்கம் கார் பெயின்ட் விற்கும் கடைகளில் எடுக்கலாம். விலை குறைவு, சில நிமிடத்தில் இறுகும், அரை மணி நேரத்தில் தேய்க்கலாம், தேய்க்கச் சுகம். அதைத் தேய்க்கச் சுகமாக்குவது உள்ளே இருக்கும் டல்க் பவுடர். அதே டல்க்தான் அதன் பலவீனமும். தண்ணீருக்குள் கிடந்தால் மெல்ல மெல்ல ஈரத்தை உறிஞ்சும். என் வள்ளத்தின் அடியில் நடந்தது அதுதான். ஆகவே தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, வெளித்தோலில் மட்டும் பட்ட, அகலமில்லாத, ஆழமில்லாத காயங்களுக்குக் கார் பட்டி போதும். அதைப் பாவிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "போட்டுக்குக் கார் சாமானா?" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள், அணியத்தில் நான் வைத்தது இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மேலே நல்ல ப்ரைமரும் பெயின்டும் மூடி இருக்க வேண்டும். வெறும் பட்டியாக மழையில் ஒரு கிழமை விட்டால் மேற்பகுதியிலும் உறிஞ்சிவிடும்.

படகுக்கென்றே செய்த பொலியெஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் ஃபில்லரில் டல்க்குக்குப் பதிலாக நுண்ணிய கண்ணாடிக் குமிழிகள் இருக்கும். பேணியில் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழேயும் பாவிக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் பாவிக்கலாம், எழுதவில்லை என்றால் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வினைல் எஸ்டர் தண்ணீரை நன்றாகத் தாங்கும், வேகமாகவும் இறுகும். கிடைத்தால் நல்ல சாமான்.

இன்னொன்று, வெட்டிய கண்ணாடி நார் கலந்த பொலியெஸ்டர் பட்டி. மயிர் மயிராக இருக்கும். ஸ்க்ரூ ஓட்டை போன்ற சிறு வெற்றிடங்களை இது சாதாரணப் பட்டியைவிட நன்றாகப் பிடிக்கும். தேய்ப்பது கடினம், மேற்பரப்பும் கரடுமுரடாக நிற்கும். அதனால் கீழே இதை வைத்து மேலே மெல்லிய பட்டி ஒரு கை இழுப்பார்கள்.

எபொக்சிதான் எல்லா இடத்துக்கும் பொதுவாக நம்பக்கூடியது. பழைய, இறுகிய பொலியெஸ்டர் வள்ளத்தின் மீது புதுப் பொலியெஸ்டரைவிட எபொக்சி நன்றாக ஒட்டும். இறுகும்போது சுருங்குவதும் குறைவு. பொலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். பெயின்ட் அடித்து ஒரு மாதம் கழித்து, வைத்த பட்டியின் விளிம்பு வட்டமாகத் தெரிகிறதே, அதற்கு இது ஒரு காரணம். கறுப்பு, கடும் நீலம் போன்ற நிறம் அடித்து வெயிலில் நிறுத்தினால் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே, மெற் வரை போன காயம், கடையாலில் பிளைவுட் வரை இறங்கும் ஓட்டை ஆகிய மூன்றிலும் எபொக்சியைத் தவிர வேறெதையும் நான் இப்போது வைப்பதில்லை.

எபொக்சியின் குறைகளையும் சொல்ல வேண்டும். விலை கூட. அளவு தப்பினால் இறுகாது. மறுநாள்தான் தேய்க்கலாம். இன்னொரு முக்கியமான விஷயம், எபொக்சி வைத்த இடத்துக்கு மேலே திரும்ப ஜெல்கோட் பூச நினைத்தால் சிக்கல்: எபொக்சியின் ஹார்ட்னரில் மிஞ்சியிருக்கும் அமீன் என்ற இரசாயனம், மேலே வரும் பொலியெஸ்டரை இறுக விடாது. பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்றால் இந்தக் கவலை இல்லை. ப்ரைமர் நடுவே வந்துவிடும். ஜெல்கோட்டையே திரும்பப் பளபளப்பாக்கி விடப்போகும் புது வள்ளம் என்றால் ஜெல்கோட் பசை அல்லது வினைல் எஸ்டரோடு நில்லுங்கள்.

ஆயத்தமாக வரும் எபொக்சி ஃபில்லர் இரண்டு பேணியாக, சம அளவில் கலக்கும்படி கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே சுலபம். கொஞ்சம் வேலை பழகிய பிறகு ரெசினையும் ஹார்ட்னரையும் தனியாக வாங்கி, பவுடர்களை நீங்களே கலப்பது லாபம். இரண்டு பவுடர் போதும். ஒன்று மைக்ரோ பலூன் எனப்படும் குமிழித் தூள், வெள்ளையாகவோ செம்மண் நிறத்திலோ வரும். இது போட்ட கலவை இலேசாக இருக்கும், வெண்ணெய் போலத் தேயும், ஆனால் பலமில்லை. மற்றது கொலோயிடல் சிலிக்கா, பஞ்சு போன்ற வெள்ளைத் தூள். இது போட்ட கலவை வழியாமல் நிற்கும், கல்லாக இறுகும், தேய்க்கப் போனால் உயிர் போகும். நான் ஒருமுறை அகலமான காயத்துக்கு வெறும் சிலிக்காக் கலவையை வைத்துவிட்டேன். தேய்க்கத் தேய்க்கச் சுற்றியிருந்த ஜெல்கோட் தேய்ந்ததே ஒழிய நடுவில் வைத்தது அப்படியே மேடாக நின்றது. அதிலிருந்து அகலமான காயத்துக்குப் பலூனும், அது வழியாமல் நிற்க ஒரு சிட்டிகை சிலிக்காவும் என்று வைத்துக்கொண்டேன். ஓட்டைகளுக்குச் சிலிக்கா மட்டும்.

சில இடங்களில் பொலியெஸ்டர் ரெசினில் டல்க் பவுடரைக் கொட்டிக் கலந்து பட்டி செய்வதைக் காண்பீர்கள். மலிவுதான். ஆனால் கார் பட்டியின் குறை அதில் அப்படியே இருக்கிறது, அடிப்பகுதிக்கு வேண்டாம். ஓட்டையில் சிலிக்கோன் பிதுக்கிவிட்டு மேலே பெயின்ட் அடிக்கும் பழக்கம் அதைவிடக் கேடு. சிலிக்கோன் பட்ட இடத்தில் அதன் பிறகு எந்தப் பெயின்டும் ஒழுங்காகப் பிடிக்காது. சுரண்டி எடுத்தாலும் எண்ணெய்ப் பசை மிஞ்சும்.

காயத்தைத் திறப்பது

சரி, சாமான் வாங்கியாயிற்று. உடனே அப்பிவிடாதீர்கள். முதலில் அசிட்டோனால் துடையுங்கள், பிறகு தேயுங்கள். பலர் மாற்றிச் செய்கிறார்கள். பழைய மெழுகு, எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால் அந்த எண்ணெயைச் சாண்ட் பேப்பரின் கீறல்களுக்குள் நீங்களே திணிக்கிறீர்கள். துடைக்கும்போது இரண்டு வெள்ளைத் துணி வேண்டும்: ஒன்றால் நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் மற்றதால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

பெயின்டின் மீது ஃபில்லர் வைக்கக் கூடாது. காயத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் வரை பழைய பெயின்டை எடுத்து ஜெல்கோட்டைக் காட்டுங்கள். பெயர்ந்து நிற்கும் விளிம்புகளைச் சுரண்டி, சில்லின் செங்குத்துச் சுவரைச் சாய்வாக்குங்கள். 80 இலக்கச் சாண்ட் பேப்பரால் தேய்த்து மினுக்கம் முழுவதும் போகச் செய்யுங்கள். மினுக்கம் எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பட்டி பின்னாளில் கழரும்.

மயிரிழை வெடிப்பின் மேல் அப்படியே பட்டி இழுத்தால் அது உள்ளே இறங்காது. பழைய ஸ்க்ரூ டிரைவரின் முனையை முக்கோணமாகத் தீட்டி, வெடிப்பின் நீளத்துக்கும் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் பள்ளம் இழுங்கள். வெடிப்பு முடிகிற நுனி வரை போக வேண்டும். பார்க்கப் பயமாக இருக்கும், நல்ல வள்ளத்தை நாமே கீறுகிறோமே என்று. கீறத்தான் வேண்டும்.

கடையால் ஓட்டைகள் தனிக் கதை. பெரும்பாலான வள்ளங்களில் கடையாலின் உள்ளே பிளைவுட் இருக்கும். ஸ்க்ரூ போன வழியே தண்ணீர் இறங்கி அந்தப் பிளைவுட் கறுத்திருக்கக் கூடும். சற்றுப் பெரிய துளைக்கருவியால் ஓட்டையைத் துளைத்து, வெளிவரும் தூளைப் பாருங்கள். காய்ந்த மரத்தூள் நிறத்தில் வந்தால் நல்லது. கறுப்பாக, ஈரமாக வந்தால் நிறுத்துங்கள். அது பெரிய வேலை. நல்ல மரமாக இருந்தால் வெளிப்பக்கம் டேப் ஒட்டி, முதலில் பவுடர் கலக்காத எபொக்சியை ஊற்றி மரம் குடிக்க விடுங்கள். பிறகு, அது இன்னும் பசையாக இருக்கும்போதே, சிலிக்கா கலந்த எபொக்சியை அடைத்து நிரப்புங்கள்.

கலப்பது

கார் பட்டிக்கு ஹார்ட்னர் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். தராசு இல்லையா? ஒரு தேசிக்காய் அளவு பசைக்கு ஒரு கடலை அளவு சிவப்பு. கொழும்பு வெக்கையில் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் கையில் இருக்கும்; ஆகவே சிறிது சிறிதாகக் கலக்குங்கள். அவசரத்துக்கு ஹார்ட்னரைக் கூட்டாதீர்கள். மிஞ்சிய சிவப்பு பெயின்ட் வழியே கசிந்து, வெள்ளை வள்ளத்தில் இளஞ்சிவப்பு மச்சம் போலத் தெரியும். டியூபைத் திறப்பதற்கு முன் நன்றாகப் பிசைந்து கொள்ளுங்கள். வெக்கையில் உள்ளே எண்ணெய் பிரிந்து நிற்கும்.

எபொக்சியில் நிலைமை வேறு. ஹார்ட்னரைக் கூட்டினால் வேகமாக இறுகும் என்ற கணக்கு இங்கே செல்லாது. சொன்ன விகிதத்தை ஒட்டியே கலக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் மாதக்கணக்கில் பிசுபிசுத்தே கிடக்கும். சிலவற்றுக்குச் சமபங்கு, சிலவற்றுக்கு 2க்கு 1, சிலவற்றுக்கு 5க்கு 1. அது கன அளவா எடையா என்பதையும் பேணியில் பாருங்கள். மருந்துக்கடையில் பெரிய ஊசிக்குழல் இரண்டு வாங்கி, ஒன்று ரெசினுக்கு, மற்றது ஹார்ட்னருக்கு என்று வைத்துக்கொண்டால் சிறு அளவுக்குப் பிழை வராது.

ரெசினையும் ஹார்ட்னரையும் முதலில் தனியாக இரண்டு நிமிடம் கலந்த பிறகே பவுடர் போட வேண்டும். எவ்வளவு பவுடர்? கித்துள் பாணி போல வழிந்தால் அது பூசத்தான் உதவும். எருமைத் தயிர் போல நின்று மெல்லச் சரிந்தால், படுக்கையான இடத்துக்குச் சரி. உழுந்து வடைக்கு அரைத்த மா போலக் கரண்டியில் கூம்பாக நின்றால், செங்குத்தான பக்கத்துக்கும் கவிழ்ந்த அடிக்கும் அதுதான் பதம். தூளைப் போடும்போது மூக்குக்கு மாஸ்க் அவசியம். இரண்டு பவுடரும் காற்றில் புகை போலப் பறக்கும்.

வெப்பம் 10 பாகை கூடினால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். குளிர் நாட்டுக் கணக்கில் 20 நிமிடம் என்று பேணியில் எழுதியிருந்தால் இங்கே 10 என்று எடுங்கள். கலந்த எபொக்சியை ஆழமான கோப்பையில் விட்டால் தன் சூட்டிலேயே புகைந்து கோப்பையையே உருக்கிவிடும். தட்டையான பலகையிலோ பழைய ஓட்டுத் துண்டிலோ பரத்தி வைத்தால் நேரம் நீளும்.

கையுறை கட்டாயம். எபொக்சி பட்டுப் பட்டுத் தோலில் ஒவ்வாமை வந்தால் பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தச் சாமானைத் தொட முடியாது. பட்டுவிட்டால் தின்னரால் துடைக்காதீர்கள். அது தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். சவர்க்காரமும் தண்ணீரும்தான். பொலியெஸ்டர் ரெசினுக்கு வரும் தண்ணீர் போன்ற ஹார்ட்னர் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வைப்பதும் தேய்ப்பதும்

முதல் கையை மெல்லியதாக, அழுத்தி இழுங்கள். அது கீறல்களுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும். அதன் மேல் அடுத்த கை, சுற்றியுள்ள மட்டத்தைவிட ஒரு மயிரிழை உயரமாக. ஒரேயடியாகத் தடிப்பாக வைத்தால் காற்றுக் குமிழி அடைபடும், தேய்க்கும்போது ஊசி ஓட்டைகளாக வெளிவரும். ஆழமான இடத்தை இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள்.

எபொக்சி இறுகிய பிறகு மேலே வழவழப்பாக, மெழுகு போல ஒரு படலம் வந்திருக்கும். ஈரமான காற்றில் இது கூடுதலாக வரும். கொழும்பில் அனேகமாக எப்போதும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது தண்ணீரில் கரையும். ஆகவே தேய்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டும் கொண்டு கழுவித் துடையுங்கள். கழுவாமல் தேய்த்தால் சாண்ட் பேப்பர் உடனே அடைத்துப்போகும், மிஞ்சிய படலத்தின் மேல் ப்ரைமர் பிடிக்காது.

தேய்க்கும்போது விரல்களால் பேப்பரைப் பிடிக்காதீர்கள். விரல் போகும் வழியெல்லாம் பள்ளம் விழும். தட்டையான மரக்கட்டையில் சுற்றிப் பிடித்து, குறுக்காக இரண்டு திசையிலும் இழுங்கள். அணியம் போன்ற வளைவான இடத்தில் மரக்கட்டைக்குப் பதிலாகக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் மெல்லிய பலகை. 80ல் தொடங்கி மட்டத்துக்குக் கொண்டுவந்து, 120, பிறகு 180. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்துவிட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண் விடுகிற பிழையைக் கை பிடிக்கும்.

பைபர் தூள் உடம்பில் பட்டால் அரிக்கும். நீண்ட கைச்சட்டை போடுங்கள், வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள். சட்டையை வீட்டு உடுப்புகளோடு சேர்த்துத் தோய்த்தால் என்ன நடக்கும் என்பதை என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ப்ரைமரும் பெயின்டும்

எந்த ஃபில்லர் என்று முடிவு செய்யும்போதே மேலே என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்றேன். காரணம் இதோ. சாதாரண எனாமலை நேரே எபொக்சியின் மேல் அடித்தால் சில வேளை எபொக்சியைத் தொட்ட இடம் மட்டும் நாள்கணக்கில் காயாமல் பிசுபிசுக்கும். இரண்டு பேணியாக வந்து கலந்து அடிக்கும் பொலியூரிதேன் பெயின்டைப் பழைய எனாமலின் மேல் அடித்தால் அதன் தின்னர் கீழே உள்ளதைச் சுருட்டித் தூக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்வது இரண்டு பேணி எபொக்சி ப்ரைமர். அது பொலியெஸ்டர் பட்டி, எபொக்சி ஃபில்லர், தேய்த்த ஜெல்கோட் ஆகிய மூன்றின் மேலும் பிடிக்கும். ஆனால் பழைய எனாமல் மிஞ்சியிருக்கும் இடத்தில் அதுவும் கைகொடுக்காது. பழைய எனாமலை எடுத்துவிடுங்கள், அல்லது திரும்பவும் எனாமலோடு நில்லுங்கள்.

பலூன் கலந்த ஃபில்லரைத் தேய்த்த பிறகு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் நிறைய இருக்கும். உடைந்த குமிழிகள் அவை. பவுடர் கலக்காத எபொக்சியை ஒரு மெல்லிய கை பூசி மூடினால் நல்லது. அல்லது தடிப்பான ப்ரைமர் இரண்டு கை. முதல் கை ப்ரைமர் காய்ந்ததும் நீங்கள் நினைத்தே பார்க்காத ஊசி ஓட்டைகளும் கீறல்களும் கண்ணில் படும். மனம் சோர வேண்டாம், எல்லோருக்கும் படும். மெல்லிய பட்டியால் அவற்றை நிரப்பி, 220ல் தேய்த்து, இரண்டாம் கை ப்ரைமர். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே இந்த மெல்லிய பட்டியும் எபொக்சியாகவே இருக்கட்டும். கடைசி நேரத்தில் கையில் கிடைத்த கார் பட்டியை அங்கே தடவிவிட்டு, செய்த வேலை முழுவதையும் கெடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ப்ரைமருக்கும் பெயின்டுக்கும் நேரம் பார்க்க வேண்டும். விடிகாலையில் வள்ளத்தின் மேல் பனி ஈரம் இருக்கும். ஒன்பது மணிக்கு முன் தொடங்காதீர்கள். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் இடியோடு மழை வரும் என்பதால் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். காயாத பொலியூரிதேனில் ஈரம் பட்டால் மினுக்கம் செத்துப்போகும். பொலியூரிதேனைச் சின்ன ரோலரால் உருட்டிவிட்டு உடனே மெல்லிய தூரிகையால் இழுத்துவிட்டால் போதுமான மினுக்கம் வரும். ஸ்ப்ரே துப்பாக்கியால் அடிக்கும் ஆசையை விடுங்கள். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட்டைப் புகையாகச் சுவாசித்தால் நுரையீரல் போகும், சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது.

அந்த மினுக்கப் பெயின்ட் தண்ணீருக்கு மேலே இருக்கும் பகுதிக்குத்தான். வள்ளத்தை நாள்தோறும் கரையேற்றுபவர், ட்ரெய்லரில் பொல்கொடை ஏரிக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவருபவர் ஆகியோர் அடிப்பகுதிக்கும் அதையே பூசலாம். தண்ணீரிலேயே கட்டி வைப்பவர் என்றால் அடிப்பகுதிக்கு எபொக்சி ப்ரைமர் கூடுதல் கைகளும், அதன் மேல் பாசி, சிப்பி பிடிக்காத பெயின்டும் வேண்டும்.

பெயின்ட் கையில் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே தள்ளி இறக்காதீர்கள். எபொக்சியும் பொலியூரிதேனும் உள்ளே முழுதாக இறுக ஏறத்தாழ ஒரு கிழமை வேண்டும். அந்தக் கிழமையில் வள்ளத்தை மண்ணில் வைக்காமல் பழைய டயர் மேல் வைத்திருங்கள். டயர் தொடும் இடத்தில் பொலித்தீன் போட வேண்டாம், ஈரம் அடைபட்டுப் புதுப் பெயின்ட் வெளுக்கும். காய்ந்த சாக்குத் துண்டு போதும்.